இல்லாத அக்காவுக்கு ஏழு புதன்கிழமைகள்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், நோயாளிகளின் பழைய ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கும் அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கூரையைத் தொடும் இரும்பு ரேக்குகள், ஒரு மேஜை, ஒரு தள்ளுவண்டி, பகலிலும் எரியும் டியூப்லைட். மேலே வார்டிலிருந்து சீட்டு வரும். சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஃபைலைத் தேடி எடுத்து, வண்டியில் வைத்து, லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அவள் பெயரைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. எல்லாருக்கும் அவள் ஃபைல் அக்கா.

வயது ஐம்பத்திரண்டு. கணவன் இறந்து நாலு வருடம். ஒரே மகன் கடல் தாண்டி வேலைக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று இரண்டு கேள்வி கேட்பான். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவான். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து மூன்றாம் மாடியில் ஒற்றை அறை ஒன்றில் குடியிருந்தாள். எதிர்வீட்டுக் கதவில் எந்நேரமும் பூட்டு. சில நாள் வீட்டுக்கு நடக்கும்போதுதான், காலையிலிருந்து “எந்த நம்பர்?”, “கையெழுத்துப் போடுங்க” என்பதைத் தவிர வாயிலிருந்து வேறு வார்த்தையே வரவில்லை என்று உறைக்கும். அதைவிட மோசம், குளியலறையில் நுழையும்போது வரும் பயம். வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? ஏதாவது ஒரு வார்டில் ஃபைல் வரவில்லை என்று ஒரு டாக்டர் எரிந்து விழுந்தால்தான் தன்னைத் தேடுவார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

அவளிடம் முதலில் முகம் கொடுத்துப் பேசியவர் லிஃப்ட் அக்கா. லிஃப்டுக்குள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, நாள் முழுக்கப் பட்டனை அழுத்தி ஜனங்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். என்ன முணுமுணுப்பு என்று இவள் ஒருநாள் கேட்டதற்கு, “ஜெபம்தான் தங்கச்சி. மேல போறப்ப ஒருத்தருக்கு, கீழ வர்றப்ப ஒருத்தருக்கு” என்றார். துணி அறையில் மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் கூடுவோம், நீயும் வா என்று கூப்பிட்டதும் அவர்தான்.

வெளுத்து மடித்த படுக்கை விரிப்புகள் மலை மாதிரிக் குவிந்திருக்கும் அறை அது. அதற்குப் பொறுப்பான துணி அறை அம்மா, லிஃப்ட் அக்கா, ஆஸ்பத்திரிச் சமையல்காரி, ரத்தம் எடுக்கும் லேப் பொண்ணு என்று நாலு பேர் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் பாரத்தைச் சொன்னார்கள். துணி அறை அம்மாவின் பேத்திக்கு இதயத்தில் ஓட்டை. சமையல்காரியின் கணவனுக்குப் பக்கவாதம். லேப் பொண்ணின் தம்பி வீட்டை விட்டுப் போய் ஏழு மாதம். கடைசியில் எல்லார் கண்ணும் இவள் பக்கம் திரும்பியது.

“உனக்கு என்னம்மா கேக்கணும்?” என்றார் துணி அறை அம்மா.

‘தனியாக இருக்கிறேன், பயமாக இருக்கிறது’ என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பக்கவாதத்துக்கும் இதயத்து ஓட்டைக்கும் நடுவில் அதைக் கொண்டு போய் வைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இது ஒரு கஷ்டமா என்று சிரித்துவிடுவார்களோ? அன்று காலையில்தான் ஒரு பெண்ணின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். அட்டையில் எழுதியிருந்தது அப்படியே வாயில் வந்தது.

“எங்கக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ்.”

அவளுக்கு அக்காவே கிடையாது. வீட்டில் அவள் ஒரே பெண்.

அந்த நாலு பேரும் அவளைச் சுற்றி வந்துவிட்டார்கள். சமையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒருத்தர் கை தன் மேல் பட்டு எத்தனை மாதமாயிற்று என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகை நிஜம். அதனால் அக்காவும் நிஜமாகிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த இல்லாத அக்கா வளர ஆரம்பித்தாள். கால் வீங்கியது; வடிந்தது. ஒரு வாரம் மூச்சுத் திணறினாள். சமையல்காரி வழியில் மறித்து அக்கா எப்படி இருக்காங்க என்பாள். லேப் பொண்ணு தன் ரிசல்ட் தாள்களைப் பார்த்து இந்த அளவு வந்தால் நல்லது என்று விளக்குவாள். ஃபைல் அக்காவும் கூட்டத்தில் வாய்விட்டு ஜெபித்தாள். உருக்கமாக ஜெபிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர் வாங்கிவிட்டாள். ஆனால் தன் அறைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து கண்ணை மூடினால் ஒரு வார்த்தை வராது. யாரிடம் என்ன சொல்வது? எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு புதன்கிழமை, மதியம் பன்னிரண்டரை இருக்கும். மூன்றாம் தளத்தில் காலி வண்டியோடு லிஃப்டுக்காக நின்றிருந்தாள். கதவு திறந்தது. முக்காலி சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் லிஃப்ட் அக்கா மடங்கிக் கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. இவள் வண்டியை விட்டுவிட்டு, அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டாள். இரண்டு பேர் ஓடி வந்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள்.

சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்றாள் நர்ஸ். காலையில் மாத்திரை போட்டிருக்கிறார், ஆனால் வயிற்றில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று சொல்லிவிட்டு ட்ரிப்ஸ் ஏற்றப் போனாள்.

தகவல் தெரிந்து ஓடி வந்த சமையல்காரிதான் அதைச் சொன்னாள். “புதன்கிழமையானா உபவாசம் இருக்காங்க. உங்கக்காவுக்குத்தான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. இன்னையோட ஏழாவது வாரம்.”

ஃபைல் அக்காவுக்கு, யாரோ நடுரோட்டில் நிறுத்திச் சேலையை உருவினாற்போல் இருந்தது. வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் மனம் ஒரு வழி தேடியது. அக்கா இறந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டால்? ஒரு நாள் லீவு போட்டு, அழுதுவிட்டு வந்தால் எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த யோசனை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் வார்டுக்குப் போனாள். லிஃப்ட் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும், “பயந்துட்டியா? எனக்கு ஒண்ணுமில்ல. அக்காவுக்கு இன்னைக்கு டயாலிசிஸ்தானே, முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“அக்கா, எனக்கு அக்கா இல்ல.”

அவர் தப்பாகப் புரிந்துகொண்டார். ஐயோ என்று நெஞ்சில் கை வைத்தார். இல்லை என்று இவள் தலையை ஆட்டினாள். “சாகல. பொறக்கவே இல்ல. நான் சொன்னதெல்லாம் பொய். ஒரு ஃபைல்ல பார்த்துச் சொன்னேன்.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். லிஃப்ட் அக்கா தன் கையில் ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்ஸ் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு?” என்றார் கடைசியில்.

“தனியா இருக்கேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“இது வெக்கமா இல்லையா?”

லிஃப்ட் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, “நீ போ. என்னால உன்னைப் பார்க்க முடியல” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அறைக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். கூட்டத்தில் அருவி மாதிரிக் கொட்டும் வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. “ஆண்டவரே” என்றாள். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை வாரமாக அவரிடம் பேசியது எல்லாம் இல்லாத ஒருத்தியின் வியாதியைப் பற்றித்தான். தன்னைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை.

“எனக்கு யாரும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. உம்மகிட்டயே பொய் சொல்லிட்டேன். நாளைக்கு அவங்க முகத்துல முழிக்கணும். எனக்குத் தெம்பு இல்ல.”

அவ்வளவுதான். எந்தக் குரலும் கேட்கவில்லை. வெட்கம் துளியும் குறையவில்லை. ஆனால் அந்த அறையில் முதல்முறையாகத் தான் உண்மையில் இருப்பது மாதிரி, தன்னை யாரோ பார்ப்பது மாதிரி அவளுக்கு இருந்தது. அப்படிப் பார்க்கப்படுவதும் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தும் அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போகவில்லை. கால் மரத்துப் போகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஒரு மணிக்குத் துணி அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சமையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லேப் பொண்ணு, பாவம், நிலைமையைச் சரிக்கட்டப் பார்த்து, “அந்த ஃபைல்ல இருந்தவங்களுக்காவது நம்ம ஜெபம் போய்ச் சேர்ந்திருக்கும்” என்றாள். துணி அறை அம்மா அவளை ஒரு பார்வை பார்த்ததில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“என் பேத்திக்கு நெஞ்சுல ஓட்டைங்கறது நிஜம்மா” என்றார் துணி அறை அம்மா இவளிடம். “அவளை வச்சுக் கதை கட்ட எனக்கு வாய் வருமா? நீ எப்படித்தான் கட்டினியோ.” பிறகு விரிப்புகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடித்து வைத்திருந்தவற்றையே பிரித்து மறுபடியும் மடித்தார். இவள் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

லிஃப்ட் அக்கா மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு படியில் ஏற முடியாது. லிஃப்டில்தான் போயாக வேண்டும். தினம் பத்துப் பதினைந்து தடவை அந்தச் சின்னக் கூண்டுக்குள் இருவரும் நின்றார்கள். தளத்தின் எண்ணை இவள் சொல்வாள், அவர் அழுத்துவார். அவருடைய உதடு அசைவதை இவள் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூசிப் போய் நிற்பது என்றால் என்னவென்று அந்த நாட்களில் அவள் முழுசாகத் தெரிந்துகொண்டாள். ராஜினாமாக் கடிதம்கூட எழுதினாள். எழுதியதைக் கடவுளிடம்தான் முதலில் சொன்னாள். இப்போது சாயங்காலம் தவறாமல் அவரிடம் பேசினாள். அலங்காரம் ஒன்றும் இல்லை, இன்று யாரும் பேசவில்லை, இன்று அழுகை வந்தது, இன்று குளியலறையில் பயப்படவில்லை என்று அன்றாடச் செய்தியைச் சொல்வாள். கடிதத்தைப் பற்றிச் சொன்ன அன்று, ஓடிப் போவதற்கு அவரிடம் உத்தரவு கேட்பதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டாள். நடப்பதை நீரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அவர் திரும்பி வந்த பதினோராம் நாள், நாலாம் தளம் போகும் வழியில், லிஃப்ட் அக்கா பட்டனைப் பார்த்தபடியே பேசினார்.

“உனக்காக ஜெபம் பண்றேன். சாப்பிட்டுட்டுத்தான் பண்றேன்.”

அவள் வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து வரைக்கும் கோபத்துல பண்ணேன். அது ஜெபமே இல்ல, புகார். ஒரு மணிக்கு வா” என்றார் அவர். கதவு திறந்தது.

போனாள். யாரும் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. சமையல்காரி சற்றுத் தள்ளி உட்கார இடம் விட்டாள், அவ்வளவே. அந்த வாரம் மகனிடமிருந்து போன் வரவில்லை. இவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. மனசு அடித்துக்கொண்டது. தன் முறை வந்ததும் அதைச் சொன்னாள்.

துணி அறை அம்மா நிமிர்ந்து பார்த்தார். “பையன் இருக்கான்ல?”

அவள் முகம் காதுவரை சூடேறியது. தரையைப் பார்த்தபடி, “இருக்கான்மா. நிஜமா இருக்கான்” என்றாள்.

“சரி, கண்ணை மூடு.”

செவ்வாய்க்கிழமை மகன் கூப்பிட்டான். ஐந்து நாளாகக் காய்ச்சலில் படுத்துவிட்டானாம். அங்கே தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அவள் முதல்முறையாக மகனிடம், தனக்கும் இங்கே அப்படித்தான் இருக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை என்றாள். அன்று நாற்பது நிமிஷம் பேசினார்கள்.

மறுநாள் துணி அறையில் அதைச் சொன்னபோது லேப் பொண்ணு கை தட்டினாள். துணி அறை அம்மா மட்டும், நாற்பது நிமிஷமா என்று ஒரு தரம் கேட்டு வைத்தார். ஃபைல் அக்கா போனை எடுத்து அதில் பதிவாகியிருந்த நேரத்தைக் காட்டப் போனாள். அவர் வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டு, தன் பக்கத்து மூட்டையைத் தட்டி, அவளை உட்காரச் சொன்னார்.