கை விட்டுப் பாத்தாச்சா?

அந்த வீட்டில் காலை ஏழே முக்காலுக்குச் சமையலறையிலிருந்து ஒரு கேள்வி வரும்: "கை விட்டுப் பாத்தாச்சா?" கூடத்தில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குஷன்காரர், "ஆச்சு" என்பார். புருஷன் பெண்டாட்டிக்குள் எதெதற்கோ சண்டை வந்திருக்கிறது, மின்விசிறியின் வேகத்துக்குக்கூட வந்திருக்கிறது. இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் மட்டும் வந்ததே இல்லை.

கேள்வி அவர்கள் மகளின் கால்களைப் பற்றியது. ஒன்பது வயது. வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும் என்பதால் தாய்மாமன் வைத்த பெயர் டமாரம், அதுவே நிலைத்துவிட்டது. பிறக்கும்போதே முதுகெலும்பு மூடாமல் பிறந்தவள். மறுநாளே ஆபரேஷன் செய்து மூடினார்கள். அப்புறம் வளைந்த பாதங்களை நிமிர்த்த இரண்டு ஆபரேஷன். நாலு வயதில் ஒரு கையில் ஊன்றுகோல், இரண்டு காலிலும் முழங்கால் வரை காலைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் காலிப்பர் என்று நடக்க ஆரம்பித்தாள். நடையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதத்தில் உணர்ச்சி கிடையாது. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. அவள் காலுக்கு வலிக்கிறதா என்பதை அடுத்தவர் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் காலையில் காலிப்பருக்குள்ளும் ஷூவுக்குள்ளும் கை விட்டுத் துழாவுவது அப்பா வேலை. சாயங்காலம் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அம்மா வேலை.

குஷன்காரர் பொறுப்பில்லாத மனுஷர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சோபா தைக்கிறவர். ஒரு தையல் கோணலாகப் போனால் முழுத் துணியையும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தைக்கிற ரகம். ஒரு வாடிக்கையாளருக்கு அவசரம் என்று, ஒருநாள் சாயங்காலம் கூடத்திலேயே, காலிப்பர் கழற்றி வைக்கும் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களுக்குப் பச்சை வெல்வெட் துணி சுற்றிக்கொண்டிருந்தார். சோபா முதுகில் குழி விழும்படி பதிக்கிற பட்டன், பின்பக்கம் நூல் கோக்க ஒரு கம்பி வளையம் இருக்கும். முப்பத்திரண்டு வேண்டும், எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று. எங்கேயோ உருண்டிருக்கும் சனியன் என்று இன்னொன்றைச் சுற்றி முடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த வாடிக்கையாளர் போனில். பச்சை வேண்டாமாம், நீலமாக மாற்ற முடியுமா என்று கேட்கிறார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, அந்த ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே காலிப்பரை மாட்டினார், பட்டையை இழுத்துக் கட்டினார், ஷூவைப் போட்டார். வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. சமையலறையிலிருந்து கேள்வி வந்தது. "ஆச்சு" என்றார். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, கை உள்ளே போகவே இல்லை.

அன்றைக்கென்று பள்ளியில் கண்காட்சி. வந்தவர்களை அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டும் பொறுப்பு டமாரத்துக்கு. சாயங்காலம் வந்ததும் வராததுமாக, நாலு தடவை மாடி ஏறி இறங்கினேன், எங்கேயும் உட்காரவே இல்லை என்று மூச்சுவிடாமல் கதை சொன்னாள். பஸ் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் அம்மா இன்னும் வந்திருக்கவில்லை. நீட்டிய காலிலிருந்து குஷன்காரர்தான் காலிப்பரைக் கழற்றினார்.

சாக்ஸ் நனைந்திருந்தது. குதிகாலுக்குச் சற்று முன்னால், பச்சை வெல்வெட் பட்டன் சாக்ஸோடு சேர்ந்து சதையில் பதிந்திருந்தது. கம்பி வளையம் உள்ளே போயிருந்தது.  மகளோ கண்காட்சியில் யாரோ ஒரு ஆசிரியை வழுக்கிய கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த ஒரு நொடியில் அவர் பட்டனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் செய்தார் என்று இன்று வரை அவருக்குச் சொல்லத் தெரியாது. பயம், வேறென்ன. மனைவி ஓடிவந்து காலைப் பார்த்துவிட்டு என்னாச்சு என்று அலற, "காலிப்பர் உரசியிருக்கு போல" என்றார். சொன்னது ஒரு வரி. அந்த ஒரு வரி ஒருத்தியின் தலையில் போய் விழுந்தது.

அந்த ஒருத்தி காலிப்பர் அக்கா. ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில், எந்நேரமும் கையில் மாவு படிந்திருக்க, குழந்தைகளின் காலை மாவுக்கட்டில் அச்செடுத்துக் காலிப்பர் செய்கிறவள். முப்பது வயதுகூட இருக்காது. டமாரத்தின் காலிப்பரில் ஒவ்வொரு தடவையும் ஒரு மீன் வரைந்து கொடுப்பாள், கேட்டால் இதுதான் கியாரண்டி முத்திரை என்பாள். குஷன்காரரின் மனைவி அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். அவளோ காலிப்பரை விளக்குக்கு நேரே பிடித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்து, இந்த இடத்தில் பிளாஸ்டிக் உரச வழியே இல்லையே என்று தனக்குள் முணுமுணுத்தாள். கடைசியில், என் கையில்தான் எங்கேயோ தப்பு நடந்திருக்கும், மன்னிச்சுக்கங்க என்றாள். குஷன்காரர் பக்கத்திலேயே நின்றார். சட்டைப்பையில் பட்டன் இருந்தது. 

மனைவி புகார்க் கடிதமும் எழுதினாள். இனி குழந்தைகள் வேலை வேண்டாம் என்று அக்காவைப் பெரியவர்களுக்கு இடுப்புப் பெல்ட் செய்ய மாற்றிவிட்டார்கள். டமாரத்துக்கு வேறொருவர் புதுக் காலிப்பர் செய்தார். அதில் மீன் இல்லை.

ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். புண் ஆறிக்கொண்டு வந்தது, குஷன்காரருக்கு உள்ளே இருந்தது ஆறவில்லை. டார்ச், கைக்கண்ணாடி, பூதக்கண்ணாடி என்று வாங்கிக் குவித்தார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை பாதத்தைப் பார்த்தார். புண் மூடி டாக்டர் நடக்கலாம் என்ற பிறகும், தெருமுனைக்குப் போகிறேன் என்றால் வேண்டாம், பக்கத்து வீட்டுக்குப் போகிறேன் என்றால் நாளைக்கு. டமாரத்தின் குரல் வீட்டில் குறைந்துகொண்டே வந்தது. மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம், இப்படி ஒரு அப்பா எந்தப் பிள்ளைக்குக் கிடைப்பார் என்று பெருமைப்பட்டாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். பட்டனைத் தூக்கியெறியவும் மனம் வரவில்லை. தினமும் சட்டை மாற்றும்போது அதையும் பை மாற்றினார்.

அடுத்த முறை மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் இரண்டு படிவங்களைக் கொடுத்தார். கால் பிரச்சினையால் பிள்ளையின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்ற கேள்விகள். ஒன்று பெற்றோர் நிரப்ப, இன்னொன்றைப் பிள்ளையே நிரப்ப வேண்டும். குஷன்காரர் எல்லாவற்றுக்கும் 'மிக மோசம்' என்ற கட்டத்தில் டிக் போட்டார். பேனா காகிதத்தைக் கிழிக்காத குறை.

நர்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு டமாரத்தின் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். விளையாட்டு, நன்று. பள்ளி, மிக நன்று. காலைப் பற்றிய கவலை, இல்லை. கடைசியில், எது மாறினால் உனக்கு நன்றாக இருக்கும் என்ற கேள்விக்குக் கீழே கோணல் எழுத்தில் இரண்டு வரி இருந்தது.

'அப்பா என் காலை மட்டும் பார்க்கிறார். என்னைப் பார்க்கணும்.'

'மீன் அக்கா திரும்பி வரணும்.'

அவர் படித்தார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார். கீழ்வரிசைக் கோரைப்பற்கள் இரண்டு விழுந்து, புதுப்பல் பாதி முளைத்திருந்தது. எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்பத்தேழு நாளாக அந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று பயந்திருந்தார் போலும். இப்போது பார்த்தாகிவிட்டது.

"கீழ வாங்க" என்றார் மனைவியிடமும் மகளிடமும். 

காலிப்பர் அக்கா யாரோ ஒரு பெரியவரின் இடுப்புப் பெல்ட்டுக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், இன்னும் என்ன குறை சொல்ல வந்திருக்கிறார்களோ என்ற முகத்தோடு. குஷன்காரர் சட்டைப்பையிலிருந்து பட்டனை எடுத்து மேஜையில் வைத்தார். பச்சை வெல்வெட்டில் ஒரு பக்கம் மட்டும் கறுத்துக் காய்ந்திருந்தது.

"உன் மேல தப்பில்லம்மா. அன்னைக்கு நான் கை விடல. இது உள்ள கெடந்துச்சு. நான் எடுத்து மறைச்சுட்டேன்."

அவள் அலமாரியிலிருந்து டமாரத்தின் பழைய கால் அச்சை எடுத்தாள். தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். குதிகாலுக்கு முன்னால் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது. பட்டனை எடுத்து அதில் வைத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"இத்தனை நாளா இந்த எடத்தையே தடவித் தடவிப் பாத்துட்டிருக்கேன் சார்" என்றாள். "என் கை போயிடுச்சோன்னு நெனச்சேன்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.  மனைவி அவரைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டமாரம் மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெஜமாவே கை விடலியா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். "ஆனா ஆச்சுன்னு சொன்னியே" என்றாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, புரியாமல்தான் கேட்டாள். 

புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து அவர்தான் எழுதினார், நடந்தது நடந்தபடி, தன் தொழில், பட்டனின் நிறம் உட்பட. அக்காவுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்குமா என்று மேலதிகாரி உடனே சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே நடந்தாள்.

மறுநாள் காலை ஏழே முக்கால், டமாரம் மறுபடி பள்ளிக்குப் போகிற நாள். குஷன்காரர் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் காலிப்பரோடு காத்திருந்தார். சமையலறையிலிருந்து கேள்வி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது, ஆனால் அவருக்கு இல்லை.

"டமாரம், கை விட்டுப் பாத்தாச்சா?"

அவள் அப்பா மடியிலிருந்து காலிப்பரை வாங்கி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தாள். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் நிறுத்தவில்லை. குதிகால் பக்கம் விரல் போய்ச் சேரவே நேரமாகும் போலிருந்தது. மறுபடியும் ஹாரன்.

"இன்னும் ஆகலம்மா" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னாள். "இருக்கச் சொல்லு."

குஷன்காரர் எழுந்து, வேன்காரரிடம் கொஞ்சம் இருக்கச் சொல்ல வாசலுக்குப் போனார்.