நூறாம் எண் ஜெட்

அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் பட்டறைக்கு வந்தாள். மருந்துப் பையோடு மலைச்சரிவில் வீடு வீடாகப் போகும் நர்ஸ் அவள். நாற்பத்தொன்பது வயதில் மோட்டார் பைக்கைத் தள்ளி வருவது என்ன பாடு என்று அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. தம்பி மெக்கானிக். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று ஊரில் அவனுக்குக் 'காது' என்று பெயர். அந்தக் காதுக்கு அக்கா வண்டியின் சத்தம் மட்டும் எட்டு மாதமாகக் கேட்கவில்லை.

"மறுபடியும் மேட்டுல திணறுதுடா. கரும்புகை வேற."

"வயசான வண்டிக்கா."

"எனக்குந்தான் வயசாச்சு. நான் ஏறலையா?"

அவன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினான். இரண்டு முறை பிளக் மாற்றியிருந்தான், ஒரு முறை ஏர் ஃபில்டர். இரண்டும் சொந்தக்காரர் வண்டிக்குச் செய்கிற அரைகுறை வேலை. அடுத்தவர் வண்டிகள் வரிசையில் நிற்க, அக்காவுடையது எப்போதும் நாளைக்குத்தான். இன்று வேறு வழியில்லாமல், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைக் கழற்றினான்.

அடிக்கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே பித்தளைத் திருகு ஒன்று இருக்கும். நடுவே குண்டூசி நுழையும் துளை. அதுதான் மெயின் ஜெட். துளை பெரிதானால் என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் போகும், சிறிதானால் குறையும். இதன் தலையில் நூறு என்று பொறித்திருந்தது. கம்பெனி போட்ட அதே எண்.

"மேல காத்து கம்மி. அதான் பெட்ரோல் அதிகமாத் தெரியுது. ஒரு படி இறக்கிப் பாப்போம்" என்று தொண்ணூற்றைந்தை மாட்டினான். "தண்ணித் தொட்டி வரைக்கும் முழு வேகத்துல ஏறு. அங்க என்ஜின அணைச்சுட்டு அப்படியே உருண்டு வா. அப்பதான் பிளக்கோட நிறம் மாறாம இருக்கும்."

"நீ போகக் கூடாதா?"

"உன் எடையையும் பையையுந்தானே அது தினம் சுமக்குது."

"எடையப் பத்திப் பேசுறியா?" என்றவள், சிரிக்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

திரும்பி வந்ததும் சூட்டோடு பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். காலையில் அடுப்புக்கரி போல் இருந்தது இப்போது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு படி இறக்கினால் கறுப்பு கொஞ்சம் தணியலாம். இப்படி ஒரேயடியாக வெளுக்கக் கூடாது.

யோசித்துவிட்டு, பெட்டியிலிருந்து புத்தம்புது நூறாம் எண் ஜெட்டை எடுத்து மாட்டினான்.

"அதே நம்பரையா மறுபடி போடுற?"

"ஒரு தடவை போய்ட்டு வாக்கா."

அவள் பெருமூச்சோடு போனாள். இந்த முறை வண்டி தொண்டை அடைப்பில்லாமல் ஏறுவது கீழேயே கேட்டது. வந்ததும் பிளக்கைப் பார்த்தான். காப்பி நிறம். இருக்க வேண்டியது இதுதான்.

பழைய ஜெட்டையும் இன்னொரு புது ஜெட்டையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். புதியதில் துளை வட்டமாக இருந்தது. பழையதில் ஓரம் தேய்ந்து, கோணி, பெரிதாகியிருந்தது. எண் அதேதான். துளை அதே துளை இல்லை.

அப்போது நினைவு வந்தது. எட்டு மாதத்துக்கு முன் ஜெட்டில் தூசி அடைத்து அவள் அவசரமாக வந்து நின்றாள். கரண்ட் இல்லை, காற்று அடிக்கும் இயந்திரம் ஓடவில்லை. கிளட்ச் கேபிளின் எஃகு இழையைப் பிய்த்து, ஜெட்டுக்குள் விட்டுக் குத்தித் தேய்த்திருந்தான். பித்தளை மென்மையானது. எஃகு அதை அறுத்திருக்கிறது.

போன மாதம் மேல் குடியிருப்பில் ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல் என்று அக்காவிடம் ஆள் வந்து சொன்னான். பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா நடந்தே ஏறினாள். அவள் அங்கே எட்டியபோது பெரியவரின் உயிர் போயிருந்தது.

சொல்லாமலும் விட்டுவிடலாம். சரியாகிவிட்டது, கிளம்பு என்றால் போதும், அவள் எதுவும் கேட்கமாட்டாள்.

"அக்கா, இது என்னாலதான்" என்றான். கம்பியை, ஜெட்டை, எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"அவர் மககிட்ட வண்டி நின்னுபோச்சுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு நம்பல. சாக்கு சொல்றேன்னு நெனச்சுது. கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகமாயிடுச்சு. அசதியில மெதுவாப் போனேனோன்னு."

"நேரத்துக்குப் போயிருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியாது. அதான் கஷ்டமே."

அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"அத இப்போ என்கிட்ட கேக்காத. என்னால எதையும் தாங்க முடியல இன்னைக்கு." எழுந்தாள். "அந்தப் பழசக் கொடு. அந்தப் பொண்ணுகிட்டக் காட்டணும். நீயும் வரணும்."

"வரேன்."

"ஞாயித்துக்கிழமை. இப்போ எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி."

ஜெட்டைக் கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டு அவள் போனாள். அவன் கை கழுவாமலே உட்கார்ந்து, அந்தக் கம்பியால் வேறு யார் யார் வண்டியைக் குத்தினோம் என்று யோசித்தான். மூன்று பேர் தேறினார்கள். முதலில் தபால்காரருக்குப் போன் போட்டான்.

"சார், உங்க வண்டிய நாளைக்குக் கொண்டு வாங்க. இல்லங்க, நீங்க கொறை ஒண்ணும் சொல்லல. நான்தான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."