கண்ணுக்குக் கீழே ஐந்தடி

ஐந்தருவியிலிருந்து வரும் ஓடையின் மரப்பாலத்தை அன்று மத்தியானம் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அக்கரையில், மாமனார் வீட்டில், என் மனைவி இராமலட்சுமி முந்தின நாளிலிருந்து பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். மேலகரத்திலிருந்து மருத்துவச்சி பேராச்சியைக் கூட்டிக்கொண்டு வந்த நான் இக்கரையில் மாட்டிக்கொண்டேன். தென்காசிப் பாலம் வழியாகச் சுற்றினால் எட்டு மைல். அத்தனை நேரம் அவள் தாங்குவாளா?

இந்தக் கரையோரம் ஒரே ஒரு தென்னை நின்றது. அதை வெட்டிக் குறுக்கே சாய்த்தால் நடந்து போய்விடலாம். மரத்துக்குச் சொந்தக்காரன் சுடலையாண்டி கோடாரியோடு வந்தான்.

"மரம் போறது பெருசில்ல அண்ணாச்சி. ஆனா எட்டாதுல்லா! வெள்ளத்தோட போச்சுன்னா இங்கன வேற மரம் கிடையாது."

"உன் கண்ணு சொல்லுறது இருக்கட்டும்லே. கணக்கு சொல்லட்டும்."

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பைக்குள் முக்கோண மட்டங்கள் இரண்டு, கையில் மூன்றடிக் குடை; வேறென்ன வேண்டும்? அக்கரையில் தண்ணீரை ஒட்டி ஒரு புளியமரம். அதற்கு நேர் எதிரே நின்று, கரையோடு குடையால் அளந்துகொண்டே நடந்தேன். ஏழாவது குடையில் புளியமரம் கரைக்கோட்டுக்கு அறுபது டிகிரியில் தெரிந்தது. இருபத்தோரடியை ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைந்த எண்ணால் பெருக்கினால் ஓடையின் அகலம் ஏறக்குறைய முப்பத்தாறரை அடி. தென்னை கரையிலிருந்து நாலடி உள்ளே நிற்கிறது. ஆக, நாற்பதரை அடி வேண்டும்.

அடுத்து தென்னை. அதன் கழுத்து நாற்பத்தைந்து டிகிரியில் தெரியும்வரை பின்னால் போனேன். பதின்மூன்று குடை. முப்பத்தொன்பது அடி. வெட்டும்போது அடியில் ஓரடி போகும்.

முப்பத்தெட்டு! இரண்டரை அடி குறைகிறது. சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன தம்பி, உக்காந்துட்டீரு? எழுந்திரும், சுத்தியாவது போவோம்," என்று பேராச்சி அதட்டினாள்.

எழுந்தேன். எழும்போதுதான் உறைத்தது. மரத்தைப் பார்த்தது என் கண். கண் தரையிலா இருக்கிறது? அதற்குக் கீழே ஐந்தடி உயரத்துக்கு நான் நிற்கிறேனே! இதே தப்புக்கு நாலாவது பாரம் படிக்கிற பையன்களின் காதைத் திருகுகிற மடையன் நான். முப்பத்தெட்டும் ஐந்தும் நாற்பத்து மூன்று.

"வெட்டுலே! இரண்டரை அடி மிச்சம்!"

சுடலையாண்டி என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனாலும் வெட்டினான். மரம் முனகிக்கொண்டு சாய்ந்து, தலை அக்கரைப் புளியமரத்தடியில் போய் விழுந்தது. பேராச்சி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, மரத்தின்மேல் உட்கார்ந்தபடியே நகர்ந்து போனாள். பின்னாலேயே நானும் போனேன். கீழே ஓடிய தண்ணீரை நான் பார்க்கவே இல்லை.

பொழுது சாய்வதற்குள் பேராச்சி வெளியே வந்தாள்.

"ரெண்டு உசுரும் பொழைச்சிட்டு, தம்பி. பொம்பளப்பிள்ள. சுத்தி வந்திருந்தோம்னா என் கையில ஒண்ணுமில்ல."

அழுதேன், சிரித்தேன், வெட்கமில்லாமல் முற்றத்தில் குதித்தேன். பிறகு ஓடைக்கரைக்கு ஓடி, "ரெண்டு உசுரும் பொழைச்சிட்டுலே!" என்று எதிர்க்கரைக்குக் கேட்கக் கத்தினேன். அதுவரை வீட்டுக்குப் போகாமல் நின்ற சுடலையாண்டி, கோடாரியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினான்.