மூன்று பாயிண்டில் ஒரு பதில்

எங்கள் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பட்டறையில் என்னைப் பாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வெறும் கம்ப்ரஸர் மெக்கானிக். சபையில் நாற்காலி எடுத்துப் போடுகிற வேலையைக்கூட எனக்கு யாரும் கொடுத்ததில்லை. ஆனால் வாய் இருந்தது. எலெக்ட்ரீஷியனுக்குப் பட்டப்பேர் வக்கீல். கடவுள் இல்லவே இல்லை என்கிற கட்சி. அவன் விடாக்கண்டன், நான் கொடாக்கண்டன். ஒன்பது வருஷமாகத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவன் ஒரு கேள்வி கேட்பான், நான் பதில் சொல்வேன். தெரியாத கேள்வி என்றால் வாய்தா வாங்கிக்கொண்டு, வீட்டில் புத்தகங்களைப் புரட்டி, டைரியில் எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போவேன்.

"பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறீங்களே, அந்த மனுஷனுக்காக ஒரு நாளாவது ஜெபம் பண்ணியிருக்கீங்களா?" என்பாள் என் மனைவி. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வக்கீல் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"என்ன வக்கீலு, இன்னிக்கு கோர்ட்டுக்கு லீவா?" என்று வெல்டர் கிண்டினான்.

வக்கீல் அவனைக் கண்டுகொள்ளாமல் என்னிடம் கேட்டான்: "பாஸ்டரே, ஒருத்தங்க பொழைக்க மாட்டாங்கன்னு டாக்டரே கைய விரிச்சிட்டாரு. அதுக்கப்புறமும் பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து ஜெபம் பண்றதுல என்ன பிரயோஜனம்?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தக் கேள்வி எப்போது வரும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தவன் நான். டைரியில் முழுசாக ஒரு பக்கம் இருந்தது. சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து, விரலை மடக்கி மடக்கி மூன்று பாயிண்ட் சொன்னேன். அத்தோடு விட்டேனா? "சரி, உங்க கட்சியில சாகப்போறவங்களுக்குச் சொல்ல என்னப்பா இருக்கு? போயிட்டு வான்னா?" என்று குத்தலாக ஒரு கேள்வியும் போட்டேன். வெல்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

எப்போதும் ஒன்றுக்கு ஒன்பது குறுக்குக் கேள்வி கேட்கிறவன், அன்று "நல்லாதான் சொல்ற" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அரை நாள் லீவு. அதற்கு முந்தின வாரமும் மூன்று அரை நாள் எடுத்திருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. காயிலில் சோப்பு நுரை தடவி, ஊசி முனையளவு கேஸ் லீக்கைக்கூடக் கண்டுபிடிப்பேன். எதிரே உட்கார்ந்திருக்கிறவன் முகத்தைப் பார்க்கத் துப்பில்லை. வக்கீல் வாயை அடைத்துவிட்டேன் என்று வீட்டில் வேறு பெருமையடித்துக்கொண்டேன். மடையன்.

சனிக்கிழமை காலையில் அவன் மனைவி இறந்துபோன சேதி வந்தது.

அடக்கத்தில் அவனிடம் பேச முடியவில்லை. நாலு நாள் கழித்து நானும் என் மனைவியும் அவன் வீட்டுக்குப் போனோம். ஒரே அறை, அதை ஒட்டிச் சமையலறை. என் மனைவி அவனுடைய தங்கச்சியோடு உள்ளே போய்விட்டாள். கட்டில் மேல் மடித்து வைத்த போர்வை, ஜன்னலோரம் பாதி தீர்ந்த மருந்து பாட்டில்கள். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஆறுதல் வசனத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே கட்டிலைப் பார்த்தபடி பேசினான்.

"நீ சொல்ற பதிலையெல்லாம் தெனமும் வீட்டுக்கு வந்து இவகிட்ட ஒப்பிப்பேன். விழுந்து விழுந்து சிரிப்பா. 'உங்கள விட அவருதான் நல்லாப் பேசுறாரு'ம்பா. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, 'அந்த அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. எம் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்து ஜெபம் பண்ணட்டும்'னு கேட்டா."

நான் அவன் கையைப் பிடித்தேன். "எங்கிட்ட ஏன்டா சொல்லல? ஓடி வந்திருப்பேனே!"

"ஒம்பது வருஷம் அவ்வளவு பேசிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஜெபத்துக்கு வான்னு கூப்பிடுவேன்? நமக்குள்ள இருந்தது ஒரே பழக்கம்தான. அதான் கேள்வியாவே கேட்டுப் பார்த்தேன்."

அவன் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"'யாருக்குடா உடம்பு சரியில்ல'ன்னு நீ கேப்பேன்னு நெனச்சேன்" என்றான்.