பத்தாவது லேபிள்

அச்சகத்தில் அவருக்குப் புள்ளி என்று பெயர். மருந்து பாட்டில்களில் ஒட்டும் லேபிள்களில் பிழை பார்ப்பதுதான் வேலை. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஓடுகிற மெஷினை நிறுத்திவிடுவார். நிறுத்தட்டும், அதற்குத்தானே சம்பளம். ஆனால் பகலெல்லாம் பிழையைத் துரத்திவிட்டு, வீட்டுக்கு வந்து அதே பிழையைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக் கொஞ்சுகிற மனுஷனை என்னவென்று சொல்வது?

அலமாரியில் ஒன்பது பழைய வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ்கள். ஒன்பதும் ஒரே கேம், நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டுவது. உள்ளே எள்ளளவும் மாற்றம் கிடையாது. மேலே ஒட்டிய லேபிள்தான் வேறு. ஒன்றில் எழுத்து மஞ்சள், ஒன்றில் வெள்ளை. ஒன்றில் கப்பலுக்கு மூன்று ஜன்னல், ஒன்றில் நாலு. இன்னொன்றில் வருஷமே இல்லை.

"ஒரே சாமானை ஒன்பது தடவை வாங்கிட்டு, ஒன்பதும் வேற வேறன்னு சாதிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்," என்பாள் மனைவி.

குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். இவருக்குக் குற்றம்தான் சுற்றம். எட்டு மாதத்துக்கு முன்னால் அக்கா போனில், "உடம்புக்கு முடியலடா, ஒரு நடை வந்துட்டுப் போயேன்," என்றாள். "அடுத்த வாரம் வரேன்க்கா," என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

ஒரு சனிக்கிழமை, இவரைப் போலவே சேகரிக்கும் ஒருவர் போட்டோ அனுப்பினார். பத்தாவது லேபிள்! கார்ட்ரிட்ஜின் முதுகில் ஒட்டும், பெயர் போட்ட மெல்லிய பட்டை, தொழிற்சாலைத் தவறால் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. மூன்றே மூன்றுதான் இதுவரை கண்ணில் பட்டிருக்கிறதாம். நாலாவது எங்கே என்று புள்ளிக்குத் தெரியும். பரீட்சையில் தேறியதற்கு அப்பா அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த கேம் அது. சின்ன வயசில் வீட்டு அலமாரியில் அது ஒன்றின் பெயர் மட்டும் தலைகீழாய் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

வரேன் என்று அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டு, மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

"வாடா வா! இப்பவாவது வழி தெரிஞ்சுதே!" கதவைத் திறந்த அக்காவுக்கு முகமெல்லாம் பல். தலையில் துணி கட்டியிருந்தாள். தலைக்குக் குளித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பழுப்பு மாத்திரை பாட்டில். புள்ளி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எங்க அச்சகத்துல அடிச்சது. நான் பார்த்து விட்டதுதான். ஒரு எழுத்து பிசகல, பாரேன்." கீழே வைத்தார். "சரி, அந்த கேம் எங்கக்கா?"

அக்கா உள்ளே போய் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தாள்.

புள்ளி பூதக்கண்ணாடியை எடுத்தார். வெள்ளை எழுத்து, சரி. நாலு ஜன்னல், சரி. முதுகைத் திருப்பினார். பெயர் நேராக இருந்தது. ஓரமெல்லாம் பழைய பசையின் கறை.

"ஐயையோ! எந்த மடையன்க்கா இதைப் பிரிச்சு ஒட்டினது?"

"நீதான்டா."

"நானா?"

"தலைகீழா இருக்கு, பார்க்கவே சகிக்கலன்னு கெட்டில் ஆவியில காட்டிப் பிரிச்சே. என்னோடது, அப்படியே இருக்கட்டும்டான்னு நான் அழுதேன். நீ காதுலயே வாங்கல."

எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று பட்ட பெருமைகூட. புள்ளி கார்ட்ரிட்ஜை மேஜையில் வைத்தார். இனி அது வெறும் பிளாஸ்டிக்.

"நான் கிளம்பறேன்க்கா. ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

"அந்த பாட்டில்ல எழுத்து சரியா இருக்கான்னு பார்த்தியே," என்றாள் அக்கா. "யாரு சாப்பிடறாங்கன்னு கேட்டியாடா?"

புள்ளி மறுபடி பாட்டிலை எடுத்தார். படிக்கத் தேவையே இல்லை. மூன்று முறை சரிபார்த்த லேபிள், மனப்பாடம். கடைசி வரி சின்ன எழுத்து: புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர்களுக்கு மட்டும். நிமிர்ந்தார். துணி விலகிய இடத்தில், காதுக்கு மேலே, அக்காவுக்கு முடியே இல்லை.

"அக்கா..."

"நீ கிளம்புடா. பஸ் போயிடப் போகுது," என்று சொல்லி, மேஜையிலிருந்து ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்தாள்.