ஒரு மணி நேர வேலை

படிப்பை முடித்துப் போன பிள்ளைகளை ஆறு மாதம் கழித்து ஒரு தடவை, ஒரு வருஷம் கழித்து இன்னொரு தடவை போனில் கூப்பிட்டு, "இப்ப என்ன பண்றே?" என்று கேட்பது தொழிற்கல்விப் பள்ளி அலுவலகத்தில் என் வேலை. சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் போக இது கொசுறு. பாதிப் பேர் எடுக்கமாட்டார்கள். எடுப்பவர்கள், "ஏன் மேடம், வேலை ஏதும் இருக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள்.

அரசாங்கக் கணக்கு இதுதான். வெளியே போனவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் வேலையிலோ மேற்படிப்பிலோ இருந்தால் அது நல்ல பள்ளி, தர நிதி வரும். எங்களுக்கு அது அவசியம் வேண்டும். மின்பணிப் பட்டறையில் ஆறு பிள்ளைக்கு ஒரு மீட்டர். ஒருத்தி தொடுவாள், ஐந்து பேர் வேடிக்கை பார்த்தே தேர்ச்சி பெறுவார்கள். அந்த வருஷம் நாற்பது பேரில் இருபத்துநாலு தேவை. எனக்கு இருபத்துமூன்றுதான் தேறியது.

இருபத்துநாலாவதாக என் தம்பி மகளைப் போட்டேன்.

அவளைக் கட்டெறும்பு என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள், சீண்டினால் கடிப்பாள். எங்கள் பள்ளியிலேயே படித்து, மின்பணி வகுப்பில் இரண்டாமிடம். ஆறு மாதமாக ஏறாத கடை இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு ஏணி ஏறுற வேலை எதுக்கும்மா" என்று எல்லா இடத்திலும் அதே பல்லவி.

அந்த வாரம்தான் தலைமையாசிரியர் அறையில் மின்விசிறி நின்றுபோனது. எலக்ட்ரீஷியன் வருகிறேன் வருகிறேன் என்று நாலு நாள் இழுத்தடித்தான். நான் கட்டெறும்பை வரச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஓடவிட்டாள். கூலி கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்கினேன். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு: அந்த வாரத்தில் ஒரு மணி நேரமாவது கூலிக்கு வேலை பார்த்திருந்தால் 'வேலையில் உள்ளார்' எனக் குறிக்கவும். குறித்தேன். பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. என் வாய் நீளம் என்று தம்பி அடிக்கடி எச்சரிப்பான். கையைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து லிஃப்ட் பராமரிப்புப் பயிற்சிக்கு அரசாங்கம் ஆள் எடுத்தது. ஒரு வருஷம் உதவித்தொகையோடு கம்பெனியில் பயிற்சி, முடித்தால் அங்கேயே வேலை. ஆறு மாதத்துக்குமேல் வேலை இல்லாத, பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். அவளுக்கு அடுத்த மாதம் பத்தொன்பது முடிகிறது. தேர்வில் முதல் பெயர் அவளுடையதுதான். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் நானும் துணைக்குப் போனேன், வரிசையில் நின்ற எல்லோரிடமும் "என் மருமக" என்று பீற்றிக்கொண்டு.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கணினியைப் பார்த்தார்.

"எங்கம்மா வேலை பாக்குற?"

"எங்கயும் இல்ல சார். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"இதுல இருக்குன்னு வருதே." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வேலை கொடுத்தவர் என்ற இடத்தில் எங்கள் பள்ளி. பதிவு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

அவள் மெதுவாக இரண்டு முறை படித்தாள். "ஃபேனா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். வேலியே பயிரை மேய்ந்த கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். வேலிக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பதிவு தவறு என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் மாற்றலாம், மூன்று நாள் அவகாசம், வெள்ளிக்கிழமை நாலு மணிவரை என்றார் அவர்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. வவுச்சரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல என்னம்மா தப்பு? விதிப்படி சரியாத்தானே போட்டிருக்கீங்க. தப்பா இருந்தாத்தான் திருத்த முடியும். இந்த வவுச்சரே பொய்னு நீங்க எழுதிக் குடுங்க, நான் அனுப்புறேன். ஆனா விசாரணை வரும். அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

உண்மையைப் பொய் என்று எழுதினால் அவளுக்கு வேலை, எனக்கு வேலை இல்லை. என் வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் நான். சொந்த மருமகளுக்காக உடனே எழுதியிருக்கவேண்டாமா என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன், புதன்கிழமை முழுக்க, வியாழக்கிழமை முழுக்க. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் எழுதினேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது நாலேகால். ஜன்னல் மூடியிருந்தது. பக்கத்துக் கதவைத் தட்டினேன்.

"அடுத்த பேரக் கூப்பிட்டாச்சும்மா. அந்தப் பொண்ணு இப்பத்தான் சந்தோஷமாப் போகுது."

கொடுக்காத கடிதம் கையிலேயே இருந்தது. வெளியே வந்ததும் அதைக் கிழித்துப் போட்டேன். ஆகவே என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தம்பி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று ஒரு வாய் சாப்பிட்டிருப்பேன். பள்ளிக்கு நிதி வந்தது. பட்டறையில் இப்போது இரண்டு பேருக்கு ஒரு மீட்டர், பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பாவம்.

நாலு மாதத்தில் ஒரு வருஷக் கெடு வந்தது. பட்டியலில் அவள் பெயர் பதினேழாவது. பதினாறு பேரைக் கூப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு பதினெட்டிலிருந்து நாற்பதுவரை கூப்பிட்டேன். கடைசியில் அவளைக் கூப்பிட்டேன்.

"சொல்லு அத்தை."

கோபமாகப் பேசுவாள், மேடம் என்பாள், எடுக்கவே மாட்டாள் என்றெல்லாம் தயாராக இருந்தேன். பழைய குரலிலேயே பேசினாள்.

"ஸ்கூல்லேர்ந்து பேசுறேன்டி. அந்தப் படிவம். இப்ப... வேலை எதுவும்..."



"இந்த வருஷம் எத்தனை பேர் குறையுது அத்தை?" என்று கேட்டாள். "உனக்கு எது போட்டா நல்லதோ அதையே போட்டுக்கோ."