தலைக்குள் ஓடிய மெசின்

"வீடு முடிஞ்சுது," என்றான் றியாஸ்.

"எந்த வீடு?"

"யாழ்ப்பாணத்து வீடு. வாப்பாடை வளவுக் காணியிலை."

"அது வெறும் வளவெண்டெல்லோ மாமி சொன்னவ?"

"உம்மா வெளியாலைதான் பாத்தவ. நான் தலைக்குள்ளை கட்டி முடிச்சிட்டன். குசினி யன்னலைத் திறந்தால் காலைமை வெயில் நேரே உம்மடை அடுப்பிலை விழும். கதவொண்டு கொஞ்சம் இறுகிச்சுது. நேற்று அதையும் சீவி விட்டிட்டன்."

நிஹ்லா விழுந்து விழுந்து சிரித்தாள். கலியாணம் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. புத்தளத்து வீட்டில், புது மெத்தையின் நைலோன் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை.

"ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன்," என்றான் அவன். "நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கேக்கை கூப்பிடாதையும். உள்ளுக்கை ஓடுறது சிதறிப்போம்."

அன்றிலிருந்து அவள் கூப்பிட்டதில்லை. அவனிடம் கேட்க வேண்டிய ஒன்று மட்டும் கேட்கப்படாமலே இருந்தது. எப்போது கேட்கலாம் என்று பார்த்தாலும் அவன் கண்கள் மூடியிருந்தன.

மாதங்கள் பல கழித்து, மெசினின் முதல் ஓட்டத்தைப் பார்க்கப் புத்தளத்திலிருந்து வந்து, யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பொன்னம்பலத்தாரின் வெங்காயத் தோட்ட வரம்பில் நின்றபோது அவளுக்கு அந்தப் பேச்சு ஏனோ நினைவுக்கு வந்தது. எதிரே றியாஸின் மெசின் நின்றது. கிண்டிய வெங்காயத்தை மேல்தட்டில் கொட்டினால், அது உருண்டு வந்து சுழலும் தகட்டில் இலைத்தாள் அறுபட்டுக் கீழே விழ வேண்டும்.

அதற்காக அவன் ஒரு கோடுகூடக் கீறவில்லை. எல்லாவற்றையும் தலைக்குள் ஓட்டிப் பார்ப்பான். எந்த ஆணி தளரும், எந்தப் பல் தேயும் என்று அங்கேயே கண்டுபிடித்து அங்கேயே மாற்றுவான். ஒரு கலியாண வீட்டில், எல்லாரும் ஒரே சகன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும்போது, சோற்றுக் கை அந்தரத்தில் நிற்கக் கண்ணை மூடிவிட்டான். பக்கத்திலிருந்தவர் அவனுடைய இறைச்சித் துண்டையும் எடுத்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்து, "பெல்ட்டைச் சின்னனாக்க வேணும்," என்றான்.

இன்று அந்தப் பகிடியெல்லாம் இல்லை. தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்தைவிட்டுத் தூக்கிச் செல்லப்பட்டவன், இப்போது திரும்பி வந்து, சோனகதெருவில் பட்டறை போட்டு, அதன் பின்னறையில் தனியே படுத்தெழும்பி, வாழ்வதானால் இங்கேதான் என்று நிற்கிறான். புத்தளத்தில் கடை வைத்திருக்கும் அவன் அண்ணன் இஸ்ஸத் நானாவோ முடிவாகச் சொல்லிவிட்டார்: இந்த மெசினும் சரிவராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து கடையில் நிற்க வேண்டும். றியாஸும் ஓம் என்று வாக்குக் கொடுத்திருந்தான். மெசின் நின்றால் யாழ்ப்பாணமும் நின்றுவிடும்.

"பிஸ்மில்லா," என்று சுவிச்சைப் போட்டான்.

மெசின் ஓடியது. தாள்கள் பறந்தன. பொன்னம்பலத்தாரின் மனைவி சின்னாச்சி வாயில் கை வைத்தாள். "பாருங்கோவன், நாங்கள் பொழுதுபட மட்டும் குந்தியிருந்து அறுக்கிறதை!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை. சத்தம் மாறியது. முந்தின நாள் மழையில் நனைந்த வெங்காயம் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியது. தகடு இறுகி நின்றது. மோட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"இப்ப வந்திடும்," என்று றியாஸ் கையை உள்ளே விட்டுக் கட்டியைத் தடவினான். தடவியபடியே கண்ணை மூடினான்.

நிஹ்லா பார்த்தாள். அவன் உள்ளே போய்விட்டான். இனி மோட்டர் உறுமுவதும் கேட்காது, புகை மணமும் தெரியாது. கட்டி ஒரு கணம் இளகினால் தகடு சுழலும். கை அங்கேதான் இருக்கிறது. கூப்பிட்டால் சிதறிப்போம். கூப்பிடாவிட்டால்?

"றியாஸ்!"

அவள் குரல் அடுத்த தோட்டத்துக்கும் கேட்டிருக்கும். அவன் திடுக்கிட்டுக் கையை இழுத்தான். கட்டி உடைந்தது. தகடு விர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றியது. அவள் பாய்ந்து சுவிச்சை நிறுத்தினாள்.

றியாஸ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி," என்றார் பொன்னம்பலத்தார். "மெசின் பிறகு செய்யலாம். விரல் செய்யேலாது."

"என்ரை தலைக்குள்ளை இது ஒருநாளும் இறுகேல்லை ஐயா," என்றான் றியாஸ். ஒரு வெங்காயத்தை எடுத்து உதறினான். மண் விழவில்லை. மறுபடி உதறினான். வேரோடு அப்பியிருந்த செம்மண் அசையவேயில்லை. "நான் சின்ன வயசிலை பாத்தது புத்தளத்துப் பக்கம் கற்பிட்டி வெங்காயம். மணல் தரை. ஒரு உதறலோடை கொட்டுண்டிடும். இவ்வளவு நாளும் அதைத்தான் ஓட்டியிருக்கிறன்."

"இது கோப்பாய் மண் தம்பி. ஒட்டினால் ஒட்டினதுதான்."

"இவரைப்போலை," என்றாள் சின்னாச்சி, புருஷனைக் காட்டி.

றியாஸின் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. இஸ்ஸத் நானா. அவன் எடுக்கவில்லை. கண்ணை மூடினான், உடனே திறந்தான். "ஒண்டும் ஓடுதில்லை நிஹ்லா. உள்ளுக்கை இருட்டாக் கிடக்கு."

அவள் ஈரச் செம்மண்ணோடு ஒரு பிடி வெங்காயத்தை அள்ளி அவன் இரண்டு கைகளிலும் வைத்தாள். "இதை ஓட்டிப் பாருங்கோ."

அவன் கண்கள் மூடின. விரல்கள் மண்ணைப் பிசைந்தன. கைபேசி மறுபடி அடித்து ஓய்ந்தது. அவன் உதடுகள் அசையத் தொடங்கின.

"தட்டுக் கூடாது," என்றான் கண்ணைத் திறக்காமலே. "கம்பி வேணும். இடைவெளி விட்டுக் கம்பி. மெசினே அதைப் போட்டுக் குலுக்க வேணும். மண் கீழை போக, வெங்காயம் மட்டும் தகட்டுக்கு வரும்... வருது... ஐயா, வருது!"

பொன்னம்பலத்தார் தாடையைச் சொறிந்தார். "மேற்குப் பக்கத்துப் பாத்தி இன்னும் கிண்டேல்லை. உமக்காக விட்டு வைக்கிறன். ஆனால் அதுதான் கடைசி. முளைக்கத் துவங்கினால் நான் பாத்துக்கொண்டிருக்கேலாது."

றியாஸ் நானாவை அழைத்து, இன்னும் ஒரு தரம் பார்க்கிறேன் என்றான். அந்தப் பக்கம் நீண்ட ஏச்சு. கடைசியில், "சரி, ஒரேயொரு தரம்."

மெசினைச் சாக்கால் மூடிக் கட்டிவிட்டு அவளிடம் வந்தான். "நீர் பின்னேர பஸ்ஸிலை புத்தளம் போம். நான் இதை முடிச்சு, வீட்டையும் எழுப்பிப்போட்டு வந்து கூட்டிக்கொண்டு போறன். அந்தக் குசினியிலை இன்னுமொரு..." சொல்லிக்கொண்டிருக்கவே அவன் இமைகள் தாழ்ந்தன.

"கண்ணைத் திறவுங்கோ," என்றாள் நிஹ்லா.

அவன் திறந்தான்.

"என்னைத் திருப்பி அனுப்பாதையுங்கோ. வீடு கட்டி முடிஞ்ச பிறகு இல்லை, இண்டைக்கே. பட்டறைக்குப் பின்னாலை நீங்கள் படுக்கிற அறையிலை என்னையும் வைச்சிருங்கோ."